ட்ரோனோடு வெளிநாடு போகிறீர்களா? மூன்று கேள்விகள், மூன்று அலுவலகங்கள்

2019 பிப்ரவரியில் மியான்மர் தலைநகர் நேபிடோவில் ஒரு பிரெஞ்சு சுற்றுலாப் பயணி நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அருகே ட்ரோன் பறக்கவிட்டு மாட்டிக்கொண்டார். அதில் ஆச்சரியம் இல்லை. நாடாளுமன்றப் பக்கம் கேமரா பறந்தால் எந்த நாட்டிலும் போலீஸ் வரத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது அவர் மேல் பாய்ந்த சட்டம் எது என்பதைத்தான். அது ஏற்றுமதி இறக்குமதிச் சட்டம். பறக்கவிட்டது இருக்கட்டும், அனுமதி வாங்காமல் அந்தப் பொருளை நாட்டுக்குள் கொண்டுவந்ததே குற்றம் என்றார்கள். ஒரு மாதம் சிறை.

ட்ரோனை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் தேடிப் பார்ப்பது ஒரே ஒரு கேள்வியை: ‘அந்த நாட்டில் ட்ரோன் விடலாமா?’ ‘விடலாம்’ என்று எங்காவது ஒரு வரி கண்ணில் பட்டதும் பெட்டியை மூடிவிடுகிறார்கள். உண்மையில் கேள்விகள் மூன்று. இதை நாட்டுக்குள் கொண்டுவரலாமா? அங்கே நான் பறக்கவிடலாமா? நான் நிற்கிற இந்த இடத்தில் பறக்கவிடலாமா? முதல் கேள்விக்குப் பதில் சுங்கத்துறையிடம் இருக்கிறது. இரண்டாவதுக்கு விமானப் போக்குவரத்து ஆணையம். மூன்றாவதுக்குப் பூங்கா நிர்வாகம், நகராட்சி, தொல்லியல் துறை, நிலத்துக்காரர் என்று இடத்துக்கு ஒருவர். இவர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசி விதி எழுதுவதில்லை. ஒருவர் சரி என்றது இன்னொருவருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. நடுவில் நாடுகளின் விதிகள் வரும். அவை எதைத் தேட வேண்டும் என்று காட்டும் உதாரணங்கள். டிக்கெட் போடும்போது ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் அந்தந்த அரசுத் தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

படி 1: முதலில் உங்கள் ட்ரோனைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த நாட்டின் விதியைப் படித்தாலும் அது உங்களிடம் திருப்பிக் கேட்கும் விவரங்கள் சில உண்டு: எடை, கேமரா இருக்கிறதா, வரிசை எண், ரிமோட் ஐடி (பறக்கும்போது ட்ரோன் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ரேடியோவில் அறிவிக்கும் வசதி) இருக்கிறதா, ஐரோப்பிய வகுப்பு முத்திரை (சி0, சி1 என்று ட்ரோன் மேல் இருக்கும் குறி) இருக்கிறதா, பேட்டரியின் வாட்-ஹவர் (அது தேக்கும் ஆற்றலின் அளவு) எவ்வளவு. இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

எடையை மட்டும் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் தராசில் வைத்துப் பாருங்கள். பறக்கும்போது என்னென்ன மாட்டியிருப்பீர்களோ அத்தனையோடும். டிஜேஐ மினி 4 ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாதாரண பேட்டரியோடு 249 கிராம். அதே ட்ரோனில் கூடுதல் நேரம் பறக்க உதவும் ‘ப்ளஸ்’ பேட்டரியை மாட்டினால் 250-ஐத் தாண்டிவிடும். இறக்கைக் காப்பு, இரவு விளக்கு, லென்ஸ் ஃபில்டர் எல்லாம் எடைதான். 250 கிராமில் கோடு போட்டிருக்கும் நாட்டில் பேட்டரியை மாற்றிய அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் வேறு பிரிவுக்குப் போய்விடுகிறீர்கள்.

சரி, 249 கிராம் என்றால் கவலையே இல்லையா? இந்த நம்பிக்கைதான் பயணிகளை அதிகம் ஏமாற்றுகிறது. 250 கிராம் என்பது சில நாடுகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட கோடு, அவ்வளவுதான். ஜப்பானில் 2022 ஜூன் 20 முதல் 100 கிராமிலேயே கட்டாயப் பதிவு தொடங்குகிறது. பிரிட்டனும் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராமுக்கு இறங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும், பொம்மை வகையாக இல்லாமல் கேமரா இருந்தால், இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். தாய்லாந்தில் கேமரா இருந்தாலே பதிவு, எடை எதுவானாலும். இறக்குமதியையே தடுக்கும் நாட்டில் 249 என்ற எண்ணை யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள்: நீங்கள் பொழுதுபோக்குக்காகத்தான் பறக்கவிடுகிறீர்களா? அமெரிக்காவில் எடுத்த வீடியோவைப் பணம் வரும் சேனலில் போடுவதற்காகப் பறந்தால் அது பொழுதுபோக்குக் கணக்கில் வராது. ‘பார்ட் 107’ என்ற தனி உரிமம் வேண்டும். ஐரோப்பிய விதி இதற்கு மாறாக, பணம் வருகிறதா என்று பார்க்காமல் ஆபத்து எவ்வளவு என்று பார்க்கிறது. எந்த வகை என்று தெரியாமல் விதியைப் படித்தால் தவறான பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

படி 2: நாட்டுக்குள் கொண்டுவரலாமா?

பலரும் தாண்டிக் குதித்துவிடும் படி இது. ஆனால் இதில் ‘இல்லை’ என்று வந்தால் மற்ற எதையும் படிக்கத் தேவையே இல்லை. அதனால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

எகிப்தில் 2017-ஆம் ஆண்டின் 216-ஆம் எண் சட்டப்படி, பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி இல்லாமல் ட்ரோனை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும்கூட குற்றம். பறக்கவிடாமல் பைக்குள் வைத்திருந்தேன் என்ற சமாதானம் அங்கே எடுபடாது. மொராக்கோ 2015-லிருந்து சுற்றுலாப் பயணிகள் ட்ரோன் கொண்டுவருவதை அனுமதிப்பதில்லை. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டால் எடுத்து வைத்துக்கொண்டு ரசீது கொடுப்பார்கள். கியூபாவிலும் கிட்டத்தட்ட இதே கதை.

ரசீது கொடுத்துவிடுகிறார்களே, திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானமாகிவிட வேண்டாம். ஒரு நகரில் இறங்கி இன்னொரு நகரிலிருந்து ஊர் திரும்புவதாகத் திட்டம் இருந்தால் ட்ரோன் முதல் ஊரிலேயே தங்கிவிடும். அதிகாலை விமானம் என்றால் அந்த நேரத்தில் கிடங்கைத் திறக்க ஆள் இருக்கிறாரா என்பது அடுத்த கவலை.

வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு இந்தியா வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் பறக்கவிடுவதைப் பெரிதும் எளிதாக்கின. அதை மட்டும் படித்தால் மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வேறொரு அறிவிப்பு வெளியிட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு தவிர்த்த மற்ற தேவைகளுக்கு வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை. ஒரே நாடு, இரண்டு துறை, இரண்டு விதமான பதில்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? போகும் நாட்டின் சுங்கத்துறைத் தளத்தில் ‘தடை செய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள்’ என்று ஒரு பக்கம் இருக்கும். ட்ரோன் என்ற சொல்லோடு நிறுத்தாமல் ஆளில்லா விமானம், ரிமோட் கண்ட்ரோல் விமானம், வயர்லெஸ் கருவி என்ற பெயர்களிலும் அந்த நாட்டு மொழியிலும் தேடுங்கள். சில நாடுகளில் ட்ரோனைத் தடுப்பது அதன் ரேடியோ பகுதிதான், அதனால் அது தொலைத்தொடர்புக் கருவிகளின் பட்டியலில் ஒளிந்திருக்கும். அடுத்ததாக, பிரிட்டன் வெளியுறவுத் துறையின் பயண அறிவுரைப் பக்கங்களைப் பாருங்கள். நீங்கள் எந்த நாட்டவராக இருந்தாலும் அவை பயன்படும். உள்ளூர்ச் சட்டங்கள் என்ற பகுதியில் ட்ரோன் சிக்கல் உள்ள நாடுகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரியாவது எழுதியிருப்பார்கள்.

அதற்கு மேலும் சந்தேகம் என்றால் தூதரகத்துக்கு மின்னஞ்சல். கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘உங்கள் நாட்டுக்கு ட்ரோன் கொண்டுவரலாமா?’ என்று கேட்டால் ‘உள்ளூர் விதிகளைப் பின்பற்றவும்’ என்று ஒரு வரி வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: ‘இன்ன தேதியில் இன்ன விமான நிலையத்தில் சுற்றுலா விசாவில் இறங்குகிறேன். 249 கிராம் எடையுள்ள, கேமரா பொருத்திய, இன்ன மாடல் ட்ரோன் ஒன்று சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறேன், திரும்பும்போது எடுத்துச் செல்வேன். முன் அனுமதி தேவையா? எந்த அலுவலகம் தருகிறது? விமான நிலையத்தில் நான் எதை அறிவிக்க வேண்டும்?’ இப்படித் துண்டு துண்டாகக் கேட்டால் அந்தப் பக்கம் இருப்பவரும் துண்டு துண்டாகப் பதில் சொல்வார். வந்த பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுங்க மேசையில் நிற்கும்போது ‘நெட்டில் படித்தேன்’ என்பதற்கும் ‘உங்கள் தூதரகம் எழுதியது’ என்பதற்கும் நிறைய வித்தியாசம்.

நடுவில் மாறும் விமான நிலையங்களையும் விட்டுவிடாதீர்கள். விமானம் மாறும்போது பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டு, நடு நாட்டில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வந்தால், அந்த நாட்டின் சுங்கத்தையும் நீங்கள் கடக்கிறீர்கள். போகுமிடம் ட்ரோனை வரவேற்கும், நடுவில் ஆறு மணி நேரம் நிற்கும் இடம் பிடுங்கிக்கொள்ளும் என்பது நடக்கக்கூடிய விஷயம்தான்.

படி 3: அங்கே நான் பறக்கவிடலாமா?

இப்போதுதான் விமானப் போக்குவரத்து ஆணையம். அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., பிரிட்டனில் சி.ஏ.ஏ., ஆஸ்திரேலியாவில் காசா, ஐரோப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே ஈ.ஏ.எஸ்.ஏ. ஆணையத்தின் தளத்துக்கே நேராகப் போங்கள். தேடலில் முதலில் வந்து நிற்கும் பயண வலைப்பூக்களும், எல்லா நாட்டு விதிகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கும் தளங்களும் வழிகாட்டிப் பலகை மாதிரி. எந்த அலுவலகம், எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ள நல்லவை. விதியை அவற்றிலிருந்து எடுத்தால் மூன்று வருடப் பழைய விதி கையில் வந்து நிற்கும். பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்ப்பது ஒரு நல்ல பழக்கம்.

படிக்கும்போது கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டியது ‘வெளிநாட்டவர்’ என்ற சொல். உள்ளூர்க்காரருக்கும் பயணிக்கும் விதி ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கனடா இதற்கு நல்ல உதாரணம். அங்கே குடிமக்களும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களும் 250 கிராமுக்கு மேலான ட்ரோனைப் பதிவு செய்து, தேர்வு எழுதி, பறக்கவிடலாம். வெளிநாட்டுப் பயணிக்கு அந்த வழி கிடையாது, சிறப்புப் பறப்புச் சான்றிதழ் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கனடாவில் இருக்கும் நண்பர் ‘ஆன்லைனில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்’ என்று சொன்னால் அவருக்கு அது உண்மைதான்.

ஐரோப்பா பயணிக்கு வசதியானது. 27 ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன், 2023-லிருந்து சுவிட்சர்லாந்து என எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிறவர் முதலில் எந்த நாட்டில் பறக்கவிடப் போகிறாரோ அங்கே இயக்குபவராகப் பதிவு செய்தால் போதும். அந்த எண் மற்ற நாடுகளிலும் செல்லும். எண்ணை ட்ரோன் மேல் ஒட்ட வேண்டும். 250 கிராமும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு ஆன்லைன் பயிற்சியும் தேர்வும் உண்டு: 40 கேள்விகள், 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் ஐந்து ஆண்டுகள் செல்லும். உயரம் தரையிலிருந்து 120 மீட்டர். ட்ரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு மேலே கூடவே கூடாது.

வகுப்பு முத்திரை என்று முதல் படியில் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் உதைக்கும். சி0, சி1 போன்ற முத்திரை இல்லாத 250 கிராமுக்கு மேலான ட்ரோன் வீடுகள், கடைகள், தொழிற்பேட்டைகள், பொழுதுபோக்கு இடங்களிலிருந்து 150 மீட்டர் தள்ளித்தான் பறக்க முடியும். ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய அதே மாடலில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். உடலின் அடியிலோ பேட்டரி அறைக்குள்ளோ திருப்பிப் பாருங்கள்.

ஒரே சட்டகம் என்றாலும் எல்லாமே ஒன்று கிடையாது. எங்கே பறக்கக் கூடாது என்பதையும் காப்பீட்டையும் அந்தந்த நாடு தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் எடை எதுவானாலும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பிரான்ஸில் ஊருக்குள் பொது இடங்களுக்கு மேலே பறக்க முடியாது, பாரிஸ் நகரம் முழுக்கவே அனுமதி இல்லாமல் தடை. பிரிட்டன் இந்த வட்டத்துக்குள்ளேயே இல்லை. ஐரோப்பியப் பதிவு எண்ணோடு லண்டனில் இறங்கினால் அது வெறும் எண். அங்கே இயக்குபவர் எண், பறப்பவர் எண் என்று இரண்டும் தனியாக எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் எல்லோரும், எடை எதுவானாலும், ‘ட்ரஸ்ட்’ என்ற இலவசத் தேர்வை முடித்த சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். 250 கிராமுக்கு மேல் என்றால் எஃப்.ஏ.ஏ.வின் ட்ரோன்ஸோன் தளத்தில் பதிவு, 5 டாலர். பதிவு தேவைப்படும் ட்ரோனுக்கு ரிமோட் ஐடியும் தேவை. வெளிநாட்டவரும் இதே தளத்தில்தான் போக வேண்டும்.

ஜப்பானில் பொறுமை வேண்டும். பதிவு, ரிமோட் ஐடி இரண்டும் 100 கிராமிலிருந்து கட்டாயம். அவர்களுடைய ரிமோட் ஐடி முறை தனியானது, வேறு நாட்டில் வாங்கிய ட்ரோனில் அது இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ரேடியோ சட்டப்படி ‘கிடெகி’ என்ற இணக்கக் குறியும் வேண்டும். மக்கள் அடர்ந்த பகுதிகள், 150 மீட்டருக்கு மேலான உயரம், ஆட்களிடமிருந்தும் பொருட்களிடமிருந்தும் 30 மீட்டருக்குள் பறப்பது என எதுவானாலும் தனி அனுமதி. அதற்குக் குறைந்தது பத்து வேலை நாட்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், ஒரு வாரச் சுற்றுலாவில் டோக்கியோவும் கியோட்டோவும்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். கண்ட இடமெல்லாம் அடர்ந்த பகுதிதான்.

சில நாடுகளில் ஆணையம் ஒன்றோடு முடியாது. தாய்லாந்தில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் ஒரு பதிவு, தொலைத்தொடர்பு ஆணையத்தில் இன்னொரு பதிவு, அதோடு 10 லட்சம் பாட் காப்பீடு. இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவோடு பாதுகாப்பு அமைச்சின் ஒப்புதலும் வேண்டும். நேபாளத்தில் உள்துறை உள்ளே வருகிறது, தேசியப் பூங்கா என்றால் வனவிலங்குத் துறையும் சேர்ந்துகொள்ளும். இப்படி இரண்டு மூன்று அலுவலகங்கள் தெரிந்தாலே ஆறு வாரம் முன்னதாகத் தொடங்கிவிடுங்கள்.

படி 4: நான் நிற்கிற இந்த இடத்தில்?

ஒரு முறை ஏரிக்கரை ஒன்றுக்குப் போயிருந்தேன். பதிவு இருந்தது, காப்பீடு இருந்தது, ஆணையத்தின் மேப்பில் அந்த இடம் பச்சை. ஒரு மணி நேரம் மலையேறிப் போய் நின்றால், நுழைவாயிலில் கையகலப் பலகை: நான்கு சுழல் இறக்கைகளின் மேல் சிவப்புக் குறுக்குக் கோடு. காவலாளியிடம் மேப்பைக் காட்டினேன். அவர் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ‘மேலே வானம் அவர்களுடையது, கீழே தரை எங்களுடையது’ என்றார். பையைத் திறக்காமலே இறங்கி வந்தேன்.

அவர் சொன்னது கிண்டலாகப் பட்டாலும் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. பல நாடுகளில் வான்வெளியை ஆளும் அதிகாரம் ஒருவரிடமும், தரையிலிருந்து ஏற்றவும் இறக்கவும் அனுமதிக்கும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் 2014 முதல் ட்ரோனை ஏற்றுவது, இறக்குவது, இயக்குவது மூன்றையும் தடை செய்திருக்கின்றன. அதே ஆண்டில் யெல்லோஸ்டோனின் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர் ஊற்றுக்குள் ஒரு டச்சுப் பயணியின் ட்ரோன் விழுந்தது. அபராதமும் இழப்பீடுமாக 3,000 டாலருக்கு மேல் கட்டினார். கனடாவின் தேசியப் பூங்காக்களிலும் இதே தடை. பிரிட்டனில் பழைய மாளிகைகளையும் இயற்கை நிலங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் நிலங்களிலும் லண்டனின் அரசப் பூங்காக்களிலும் முடியாது. நியூசிலாந்தில் எந்த நிலத்துக்கு மேலே பறக்கிறீர்களோ அந்த நிலத்துக்காரரின் ஒப்புதல் வேண்டும் என்பதே அடிப்படை விதி, பாதுகாக்கப்பட்ட நிலங்களுக்கு அதன் துறையிடம் அனுமதி.

எனவே ‘எந்த நாட்டில்’ என்று தேடுவதை இங்கே நிறுத்திவிட்டு ‘எந்த இடத்தில்’ என்று தேடுங்கள். எடுக்க நினைக்கும் ஐந்தாறு இடங்களின் பெயரை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் அதிகாரபூர்வத் தளத்திலும் பார்வையாளர் விதிகளைப் படியுங்கள். பழைய கோட்டை, கோயில், அகழாய்வு இடம் என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். தங்கும் விடுதியின் மொட்டைமாடியாக இருந்தாலும் மேலாளரிடம் ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், கேமரா விஷயம். ஜெர்மனியில் குடியிருப்பு மனைகளுக்கு மேலே, அங்கே இருப்பவர் ஒப்புக்கொள்ளாமல், கேமரா ட்ரோன் பறக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் குளத்தில் குளிப்பவர், முற்றத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரிய எடுத்தால் பிரச்சினை விமான விதியிலிருந்து தனியுரிமைச் சட்டத்துக்குப் போய்விடும்.

படி 5: மேப்பும், நேற்று வந்த தடையும்

எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும், அரசு ஏற்ற மேப் பல நாடுகளில் உண்டு: ஜெர்மனியில் டிபுல், இத்தாலியில் டி-ஃப்ளைட், ஸ்பெயினில் எனைரே, அமெரிக்காவில் பி4யூஃப்ளை. எதைப் பார்க்க வேண்டும் என்று ஆணையத்தின் தளமே சொல்லும்.

ட்ரோனின் சொந்த ஆப் தடுக்கவில்லையே, அப்படியானால் பறக்கலாம்தானே என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தக் காலம் போய்விட்டது. டிஜேஐ 2025 ஜனவரியில் அமெரிக்காவில் தானாகத் தடுக்கும் முறையை எடுத்துவிட்டு வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே மோட்டார் சுற்றத் தொடங்கினாலும் பொறுப்பு உங்களுடையது.

தற்காலிகத் தடைகளைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில நாட்களில் இலங்கை ட்ரோன்களை நிறுத்தியது. 2022 ஜனவரியில் அபுதாபி மீது தாக்குதல் நடந்த வாரத்திலேயே ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பொழுதுபோக்கு ட்ரோன்களைத் தடை செய்தது. 2025 ஜூலை இறுதியில் கம்போடிய எல்லைச் சண்டை மூண்டதும் தாய்லாந்து நாடு முழுவதும் தடை போட்டது. முறையாகப் பதிவு செய்து காப்பீடு எடுத்து வந்தவர்களுக்கும் அதே தடைதான். அதே ஆண்டு செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 3 வரை, கோபன்ஹேகனில் ஐரோப்பியத் தலைவர்கள் கூடியபோது, டென்மார்க்கில் குடிமக்களின் ட்ரோன் ஒன்றுகூடப் பறக்க முடியவில்லை. இவற்றில் எதுவும் ஒரு மாதம் முன்பு நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டில் இருக்காது. கிளம்பும் முந்தைய நாள் ஆணையத்தின் செய்திப் பக்கத்தை ஒருமுறை, பறக்கும் நாள் காலையில் மேப்பை ஒருமுறை.

படி 6: பேட்டரி

இது சுலபம். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-ஹவர் வரை விமான நிறுவனத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை அனுமதியோடு உதிரி இரண்டு, அதற்கு மேல் முடியாது. கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். மேலே சொன்ன மினி 4 ப்ரோ பேட்டரியில் 7.32 வோல்ட், 2,590 மில்லி ஆம்பியர்-ஹவர் என்று இருக்கும். 7.32-ஐ 2.59-ஆல் பெருக்கினால் 18.96. அதே டிஜேஐயின் பெரிய ட்ரோனான மேவிக் 3-இன் பேட்டரியே 77தான். எழுத்து அழிந்துபோன பேட்டரியைப் பாதுகாப்புச் சோதனையில் ஒதுக்கிவிடலாம், அதைக் கொண்டு போகாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள். சில விமான நிறுவனங்கள் ட்ரோனையே கேபினில் ஏற்றுவதில்லை. அப்போது உடலைப் பெட்டியிலும், கழற்றிய பேட்டரியைக் கையிலும்.

படி 7: ஒரு ஃபைல், இரண்டு பிரதி

போனில் ஒன்று, தாளில் ஒன்று. சுங்க மேசையில் போன் சார்ஜ் இருக்காது, மலை மேல் சிக்னல் இருக்காது. உள்ளே இருக்க வேண்டியவை:

- ட்ரோன் வாங்கிய பில், வரிசை எண் தெரியும் புகைப்படம்
- பதிவுச் சான்று, தேர்வுச் சான்று, அந்த நாட்டின் பெயர் தெளிவாக இருக்கும் காப்பீட்டுச் சான்று
- தூதரகம் அல்லது ஆணையம் அனுப்பிய பதில்
- விதிப் பக்கத்தின் அச்சு, எடுத்த தேதியோடு, முடிந்தால் அந்த நாட்டு மொழியில்

கடைசி வரியை அலட்சியப்படுத்த வேண்டாம். கிராமத்துப் போலீஸ்காரருக்கு ஆங்கிலப் பக்கத்தைக் காட்டி விளக்குவதைவிட அவருடைய மொழியில் அவருடைய அரசாங்கம் எழுதியதைக் காட்டுவது எளிது.

விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும் என்ற விதி இருந்தால் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லிவிடுங்கள். பச்சை வழியில் நடந்து பிடிபட்டால் ‘தெரியாது’ என்பது பொய்யாகத்தான் படும். எடுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்றால் வாதாடாமல் ரசீது கேளுங்கள். அதில் மாடல், வரிசை எண், பேட்டரிகளின் எண்ணிக்கை, திரும்ப வாங்கும் இடம், அது திறந்திருக்கும் நேரம் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். திரும்பும் நாளில் அதற்கென்று இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

சொந்த நாட்டுக்குத் திரும்பும்போதும் ஒரு சுங்கம் இருக்கிறது. வெளிநாட்டில் புதிதாக வாங்கி வந்தீர்கள் என்று சந்தேகப்பட்டால் வரி கேட்பார்கள். பழைய பில் அப்போதுதான் கைகொடுக்கும். சில நாடுகளில் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ட்ரோனைக் காட்டி, ‘இது இங்கிருந்து போகிறது’ என்று சான்று வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ட்ரோன் கையில் இருக்க வேண்டும். பெட்டியைச் செக்-இன்னில் போட்ட பிறகு அந்த மேசைக்குப் போய்ப் பயனில்லை.